குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். கூட இருக்கிறவங்க என்ன செய்யணும்? ஒரு நூறு வருஷக் கதை

"அக்கா பொண்ணுக்கு பிளட் கேன்சர்னு சொல்லிட்டாங்க டாக்டர். மருந்தை டாக்டருங்க பார்த்துக்குவாங்க. நாங்க கூட இருந்து என்ன செய்யணும்?"

ஆள் மாறும், உறவு மாறும், ஆனா இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. நான் கேன்சர் நிபுணர் கிடையாது. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். கீமோ சென்னையிலோ மதுரையிலோ நடக்கும். ஆனால் நடுராத்திரி காய்ச்சலோடு அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடி வருவது எங்களை மாதிரி ஆட்களிடம்தான். அதனால் இதைப் பற்றி எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பதிலை அட்வைஸா சொல்லாம வரலாறா சொல்றேன். இழை நீளம். பொறுமையா படிங்க.

1923. சென்னை. ஒரு பெண் டாக்டர் தன் தங்கையின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தங்கைக்கு மலக்குடல் புற்றுநோய். இளம் வயது. அக்கா சாதாரண டாக்டர் அல்ல. 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து வெளியே வந்த முன்னோடிப் பெண் டாக்டர்களில் ஒருவர். பெயர் முத்துலட்சுமி ரெட்டி. ஊருக்கே வைத்தியம் பார்த்தவரால் வீட்டில் கண் எதிரே வலியில் துடித்த தங்கைக்கு எதுவும் செய்ய முடியவில்லை. தங்கை இறந்துபோனார்.

முத்துலட்சுமி ரெட்டி என்றால் தேவதாசி ஒழிப்பு, சட்டமன்றம் என்றுதான் நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். இந்தத் தங்கையின் மரணத்தைப் பாடப் புத்தகம் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் அவர் அதை விடவில்லை. 1935ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். அதற்கப்புறமும் கிட்டத்தட்ட இருபது வருஷம் அலைந்தார். 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ல் அடையாறில் 12 படுக்கைகள், 2 டாக்டர்களோடு கேன்சர் இன்ஸ்டிடியூட் திறந்தது. அங்கே டாக்டராக உட்கார்ந்தவர் அவர் மகன் கிருஷ்ணமூர்த்தி. அடுத்த வருஷம் வந்து சேர்ந்த இளம் டாக்டர்தான் நமக்கெல்லாம் தெரிந்த சாந்தா. 1960லேயே அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது.

ஒரு அக்காவின் கையாலாகாத கோபத்தில் ஆரம்பித்த மருத்துவமனை அது.

சரி, அந்தக் காலத்தில் குழந்தைக்கு லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் வந்தால் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ரத்தம் ஏற்றுவார்கள். குழந்தை வெளுத்துப்போகும், ஈறில் ரத்தம் வரும், சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் முடிந்துவிடும். உலகத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியானாலும் இதே கதைதான்.

இதை மாற்றிய மருந்தின் கதையிலும் நம்ம ஊர் வருது.

1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய் வந்தார். மில் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் ஒரு வகை ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை பார்த்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நாம் சொல்லும் கோஷா ஆஸ்பத்திரியிலும் 1931ல் வேலை பார்த்தார். ஈஸ்ட்டில் இருந்து எடுக்கும் மார்மைட்டில் உள்ள ஏதோ ஒன்று இந்த ரத்தசோகையைச் சரிசெய்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த 'ஏதோ ஒன்று'தான் ஃபோலிக் ஆசிட். இன்று கர்ப்பிணிகளுக்கு நாங்கள் எழுதித் தரும் அதே மாத்திரை.

அந்த ஃபோலிக் ஆசிட்டை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகதா சுப்பாராவ். பீமாவரத்துக்காரர். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். (வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் அடிக்கடி இவர் தமிழராகிவிடுவார். இல்லை, தெலுங்கர்.) கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் கிடைக்காமல் அதற்குக் கீழான சான்றிதழோடு வெளியே வந்தவர். ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோயில் சில நாட்கள் இடைவெளியில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர். அந்த ஸ்ப்ரூவுக்குப் பின்னாளில் மருந்தானதும் இதே ஃபோலிக் ஆசிட்தான்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் லுக்கேமியா குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் இந்தக் குழந்தைகளுக்கு நோய் வேகமாகிறது என்று கவனித்தார். அப்படியென்றால் ஃபோலிக் ஆசிட்டைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு செய்த தடுப்பு மருந்து அமினாப்டெரின். 1947 டிசம்பர் கடைசியில் ஒரு இரண்டு வயதுப் பையனுக்கு ஊசி போடப்பட்டது. படுத்த படுக்கையாக இருந்த பையன் எழுந்து ஓடியாடினான். 1948 ஜூனில் ஃபார்பர் எழுதிய கட்டுரையில் 16 குழந்தைகள். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது.

ஆனால் சில மாதங்களுக்குத்தான். எல்லோருக்கும் திரும்பி வந்தது.

அந்த அம்மா அப்பாக்களை நினைத்துப் பாருங்கள். முன்பு துக்கம் ஒரே தடவைதான் வந்தது. இப்போது நம்பிக்கை வந்து, அப்புறம் துக்கம் வருகிறது. மருத்துவத்தில் 'கூட இருப்பவர்' என்ற ஆளுக்கு இப்படி ஒரு நீண்ட வேலை இந்த வருஷத்தில்தான் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஃபார்பருக்கும் இது புரிந்திருந்தது. குழந்தைக்கு மருந்து மட்டும் போதாது, குடும்பத்தின் மனசு, பணம், சாப்பாடு எல்லாத்தையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டும் என்று 'முழுக் கவனிப்பு' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஏன்னா மேற்கத்திய ஆஸ்பத்திரிகளில் அப்போது அம்மா அப்பாவை உள்ளேயே விடமாட்டார்கள். 1949ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் விதி: குழந்தை சேர்ந்த முதல் மாதம் பார்க்கவே முடியாது. சாயங்காலம் 7 முதல் 8 மணி வரை, குழந்தை தூங்கும்போது எட்டிப் பார்க்கலாம்! அம்மா வந்துபோனால் குழந்தை அழுகிறது, வார்டு கெடுகிறது என்பது அவர்கள் வாதம். 1952ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஆஸ்பத்திரியில் அம்மா இல்லாமல் விடப்பட்ட ஒரு இரண்டு வயதுக் குழந்தையைப் படம் எடுத்துக் காட்டிய பிறகுதான் பலருக்கும் உறைத்தது. 1959ல் பிரிட்டன் அரசின் பிளாட் குழு, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று பரிந்துரைத்தது.

நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பாய் விரித்துக் கட்டிலுக்கடியில் படுத்திருக்கும் பாட்டியைப் பார்த்து 'என்ன சத்திரமா இது' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நம்ம பாட்டிகள் லண்டன் ஆஸ்பத்திரியைவிட முன்னால் இருந்தார்கள் என்பது என் கட்சி.

அடுத்து 1950கள். கெர்ட்ரூட் எலியான் என்ற பெண். 15 வயதில் தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் இறந்ததைப் பார்த்து, இதற்கு ஏதாவது செய்யணும் என்று வேதியியல் படித்தவர். அவர் உருவாக்கியது 6-மெர்காப்டோபியூரின். 1988ல் நோபல் பரிசு வாங்கினார். அப்புறம் வின்கிறிஸ்டின், நம்ம வாசலில் பூக்கும் நித்யகல்யாணிச் செடியிலிருந்து. இங்கே ஒரு நிமிஷம். ஒரு ஊசிக்கான மருந்து எடுக்க ஏராளமான இலை வேண்டும், அளவு ஒரு இம்மி கூடினாலும் நரம்பு போகும். 'இயற்கைதானே' என்று நித்யகல்யாணிக் கஷாயம் வைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னாலும் சரி, யூடியூப் சொன்னாலும் சரி.

மருந்துகள் வந்தாலும் குழந்தைகள் ரத்தக் கசிவில் செத்துக்கொண்டே இருந்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள், நாம் பிளேட்லெட் என்று சொல்வது, நோயிலும் குறையும், மருந்திலும் குறையும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரைரைக் என்ற டாக்டர், புதிதாக எடுத்த பிளேட்லெட்டை ஏற்றினால் ரத்தம் நிற்கிறது என்று காட்டினார். ஆனால் எப்படி அவ்வளவு பிளேட்லெட் சேர்ப்பது?

இங்கே ஒரு அப்பா வருகிறார். ஜார்ஜ் ஜட்சன். ஐபிஎம் கம்பெனியில் பொறியாளர். 1962ல் அவருடைய டீன் ஏஜ் மகனுக்கு லுக்கேமியா. ஆஸ்பத்திரியில் ரத்தத்தின் அணுக்களைப் பிரிக்கும் வேலை கையால் நடப்பதைப் பார்த்தார். இதற்கு ஒரு மெஷின் செய்யலாமே என்று ஃப்ரைரைக்கிடம் போய் நின்றார். கம்பெனியும் சம்மதித்தது. ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, சுழற்றி, வேண்டிய அணுவை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியைத் திருப்பி உடம்புக்கே அனுப்பும் எந்திரம் 1960களின் நடுவில் தயாரானது.

இன்று பிளட் பேங்கில் "எஸ்டிபி டோனர் கொண்டு வாங்க" என்று சொல்கிறார்களே, ஒரே ஆளிடம் மெஷின் வைத்துப் பிளேட்லெட் எடுப்பது, அதன் மூதாதை அந்த அப்பாவின் மெஷின்தான்.

கூட இருப்பவர்களுக்கு இதில் இரண்டு விஷயம். பிளேட்லெட் 5 நாளைக்கு மேல் இருக்காது. அதனால் 'நேத்துதானே ரெண்டு பேர் கொடுத்தோம்' என்ற அலுப்பு வேண்டாம், திரும்பத் திரும்பத் தேவைப்படும். குடும்பத்தில் ஒருத்தர் டோனர் லிஸ்ட் வைத்துக்கொண்டு போன் போடும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால் அம்மாவுக்குப் பாதி பாரம் குறையும். இரண்டாவது, 'என் தங்கச்சிக்கு என் ரத்தம்தான்' என்று அண்ணன்மார் நிற்பார்கள். பாசம் புரிகிறது. ஆனால் நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுக்காமல் அப்படியே ஏற்றினால் அபூர்வமாக உயிரையே எடுக்கும் எதிர்வினை வரும். மஜ்ஜை மாற்று தேவைப்படலாம் என்ற நிலை இருந்தால் இன்னும் சிக்கல். டாக்டர் வேண்டாம் என்றால், நண்பர்களைக் கூட்டிட்டு வாங்க.

1962ல் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறந்தது. டொனால்ட் பிங்கல் அதன் முதல் இயக்குநர். கறுப்பு, வெள்ளைக் குழந்தைகளை ஒரே வார்டில் வைத்துப் பார்த்த இடம். அந்த ஊரில், அந்தக் காலத்தில், இது சின்ன விஷயம் இல்லை. எல்லா மருந்தையும் சேர்த்துக் கொடு, மூளைக்குள் ஒளிந்திருப்பதற்கும் தனியாக சிகிச்சை கொடு, இரண்டு மூன்று வருஷம் விடாதே என்பது அவர் வழி. 1967ல் தொடங்கிய ஐந்தாவது ஆய்வில் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். முதல் முறையாக 'குணமாகும்' என்ற வார்த்தையைச் சொல்ல முடிந்தது.

ஏன் இரண்டு மூன்று வருஷம்? இதுதான் வீட்டில் எல்லோருக்கும் புரிய வேண்டிய கணக்கு. நோய் தெரியும்போது உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள். முதல் மாத சிகிச்சை முடிந்து 'நோய் தெரியவில்லை' என்று ரிப்போர்ட் வரும். அப்போதும் ஆயிரம் கோடி வரை உள்ளே இருக்கலாம். மைக்ரோஸ்கோப்புக்குத் தெரியாது, அவ்வளவுதான். குழந்தை நன்றாகச் சாப்பிடும், விளையாடும், முடி முளைக்கும். நோய் போயிடுச்சு என்று ஊரே சொல்லும். அங்கேதான் ஆபத்து.

இந்தியாவுக்கு வருவோம். 1970களில் நம் பெரிய கேன்சர் மையங்களில்கூட இந்தக் குழந்தைகள் பிழைத்தது 100ல் 20க்கும் கீழே. 1980களில் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து எம்சிபி 841 என்ற ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றின. கையில் இருந்த மருந்துகளை வைத்து, நம் ஆஸ்பத்திரிகள் தாங்கும் அளவில் வகுக்கப்பட்ட முறை. நான்கு வருஷத்தில் நோய் திரும்பாமல் இருப்பவர்கள் 45 முதல் 60 வரை உயர்ந்தார்கள். இன்று வசதியான நாடுகளில் 100ல் 90 குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள்.

மருந்து கிட்டத்தட்ட அதேதான். இடைவெளி எங்கே? தொற்று ஒரு காரணம். தாமதமாக வருவது ஒரு காரணம். இன்னொன்று, பாதியில் நிறுத்துவது. தொடர்ந்து நான்கு வாரம் சிகிச்சைக்கு வராவிட்டால் 'சிகிச்சையைக் கைவிட்டது' என்று உலக அளவில் கணக்கு வைக்கிறார்கள். 'கைவிட்டது' என்ற வார்த்தை எனக்குப் பிடிக்காது. அப்பா தினக்கூலி. அம்மா மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில். பஸ் டிக்கெட், வாடகை, கந்துவட்டி. இதில் யார் யாரைக் கைவிட்டது? 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்து சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கின. ஆனால் எந்தக் கார்டும் அப்பாவின் கூலியைத் தராது, ஊரில் இருக்கும் ஆட்டுக்குத் தழை போடாது. அதை சித்தப்பாவும் அத்தையும்தான் செய்ய முடியும். 'என்ன உதவி வேணும்னாலும் கேளு' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கேட்கமாட்டார்கள். அடுத்த தேதிக்கு யார் கூட்டிட்டுப் போவது என்று நீங்களே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிங்கலின் வழியால் இன்னொன்றும் நடந்தது. சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டுக்கு வந்துவிட்டது. எலியானின் 6-மெர்காப்டோபியூரின் தினமும் ராத்திரி, வருஷக்கணக்கில். 50 மில்லிகிராம் மாத்திரையைப் பாதி, முக்கால் என்று உடைத்து, எடைக்கும் ரத்த அணு எண்ணிக்கைக்கும் ஏற்ப மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். 2012ல் ஸ்மிதா பாட்டியாவின் குழு அமெரிக்காவில் செய்த ஆய்வில், 100 வேளையில் 95க்குக் குறைவாக எடுத்த குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல். மாசத்துக்கு இரண்டு நாள் மறந்தாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போயிடுவோம். காலண்டரில் டிக் போடுங்க.

இன்னொரு மாத்திரை மெத்தோட்ரெக்சேட். சுப்பாராவ் குழுவின் அமினாப்டெரினுக்குத் தம்பி. இது வாரத்துக்கு ஒரே நாள். தினசரி மாத்திரையோடு குழப்பித் தினமும் கொடுத்துவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, அணுக்கள் எல்லாம் சரிந்து, உயிருக்கே ஆபத்து. டப்பாவில் தமிழில் பெரிசா 'ஞாயிறு மட்டும்' என்றோ உங்களுக்குச் சொன்ன கிழமையையோ எழுதி ஒட்டுங்க. பாட்டி மாத்திரை கொடுக்கும் வீடு என்றால் கண்டிப்பாக.

அடுத்தது என் டிபார்ட்மென்ட். காய்ச்சல். கீமோவில் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி என்றால் அது சாதாரண காய்ச்சல் இல்லை. பாராசிட்டமால் கொடுத்துக் காலையில் பார்ப்போம் என்று படுக்காதீர்கள். முதல் ஆன்டிபயாடிக் ஊசி, வந்த ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் இலக்கு. ஓபி சீட்டு வரிசையில் நிற்க வேண்டாம். நேராக எமர்ஜென்சிக்கு வந்து 'கீமோ ஓடுது, காய்ச்சல்' என்று இரண்டே வார்த்தை சொல்லுங்கள். சிகிச்சை நோட்டைக் கையில் கொடுங்கள். டூட்டி டாக்டர் என்னை மாதிரி கேன்சர் படிக்காதவராக இருப்பார். அந்த நோட்டு எங்களுக்கு அவ்வளவு உதவி.

குழந்தையிடம் சொல்வதா வேண்டாமா? இதற்கும் ஒரு வரலாறு இருக்கு. ரொம்ப காலம் டாக்டர்களே 'சொல்லாதீர்கள்' என்றுதான் சொன்னார்கள். மைரா புளூபாண்ட் லாங்னர் என்ற மானுடவியலாளர், லுக்கேமியா வார்டில் 3 முதல் 9 வயதுவரை உள்ள குழந்தைகளோடு மாதக்கணக்கில் இருந்து 1978ல் ஒரு புத்தகம் எழுதினார். குழந்தைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மருந்துப் பெயர், பக்க விளைவு, எந்த மருந்து மாறினால் என்ன அர்த்தம், பக்கத்துக் கட்டில் பையன் ஏன் திரும்பி வரவில்லை. ஒருத்தருக்கொருத்தர் ரகசியமாகப் பேசித் தெரிந்துகொண்டிருந்தார்கள். பெரியவர்கள் அழக்கூடாது என்பதற்காகத் தெரியாத மாதிரி நடித்தார்கள்.

அஞ்சு வயசுக் குழந்தை, அம்மாவைக் காப்பாற்ற நடிக்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது.

'சளி', 'ரத்தம் கம்மி' என்ற கதைகள் வேண்டாம். உன் ரத்தத்துல கெட்ட செல் இருக்கு, அதை விரட்ட மருந்து, முடி கொட்டும், திரும்ப முளைக்கும். இவ்வளவு போதும். மீதியை அவர்களே கேட்பார்கள். கேட்கும்போது அறையை விட்டு ஓடாமல் இருந்தால் சரி.

1970களில் பிலடெல்பியாவில் ஆட்ரி எவான்ஸ் என்ற குழந்தைகள் புற்றுநோய் டாக்டர், பெற்றோர் வராந்தாவிலும் நாற்காலியிலும் தூங்குவதைப் பார்த்து, ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும் என்றார். அதே சமயம் ஃப்ரெட் ஹில் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், தன் மகளுக்கு லுக்கேமியா வந்து அதே வராந்தா வாழ்க்கையை அனுபவித்திருந்தார். அவருடைய அணி பணம் திரட்டியது. மெக்டொனால்ட்ஸ் கம்பெனி சேர்ந்தது. 1974ல் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறந்தது. சமைக்க ஒரு அடுப்பு, துவைக்க ஒரு இடம், படுக்க ஒரு கட்டில். பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில் இந்த மாதிரி தங்குமிடங்கள் நம் ஊர்களிலும் அறக்கட்டளைகள் நடத்துகின்றன. வார்டில் இருக்கும் சமூகப் பணியாளரிடம் சேர்ந்த முதல் நாளே கேளுங்கள். வாடகை வீடு தேடி அலைந்து ஒரு மாசம் கழித்துக் கேட்பவர்கள்தான் அதிகம்.

கடைசியா, வீட்டில் இருக்கும் இன்னொரு குழந்தை. 1983ல் மும்பை டாடா மருத்துவமனையில் இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. லுக்கேமியா வந்த 9 வயதுச் சிறுமி. மஜ்ஜை கொடுத்தவர் அவளுடைய சகோதரன். கூடப் பிறந்த ஒருவருக்குப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் இந்தச் சிகிச்சை தேவைப்படாது. ஆனால் தேவைப்படாத வீட்டிலும் அந்த அண்ணனோ தங்கையோ பாட்டி வீட்டில் விடப்பட்டிருப்பார்கள். அம்மாவைப் பார்த்து மாசம் ஆகியிருக்கும். நான் அன்னைக்குத் தள்ளிவிட்டதாலதான் அவனுக்கு இந்த நோய் வந்துச்சோ என்று மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தையிடம் உன்னால் வரவில்லை என்று யாராவது வாய் விட்டுச் சொல்லணும். ஸ்கூல் பீஸ் கட்டணும். வாரத்துக்கு ஒரு தடவை அம்மாவிடம் வீடியோ கால் போட்டுக் கொடுக்கணும்.

முதல்ல கேட்டீங்களே, நாங்க என்ன செய்யணும்னு. மாமா, சித்தி, பெரியப்பா, யாரா இருந்தாலும், இந்த வாரம் அந்த வீட்டுக்குப் போய் அந்த இன்னொரு குழந்தையைப் பார்த்துட்டு வாங்க.